பல்லை எண்ணுறதா, டிஎன்ஏ படிக்கிறதா? நன்னீர் இறால் இனத்தைக் கண்டுபிடிக்க எது சரிப்படும்

கையில ஒரு நன்னீர் இறாலோ கிரேஃபிஷோ (பெரிய கொடுக்கு வச்ச, இறால் மாதிரி ஒரு நன்னீர் உயிரி) இருக்கு, என்ன இனம்னு சொல்லணும். மூணு வழி: கண்ணால பாக்குறது, சிஓஐ பார்கோடு (செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற சிஓஐங்கற ஜீனைப் படிச்சு இனம் சொல்றது), மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏல சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வர்ற இடங்களை ஒப்பிடுறது).

முதல் வழிக்கு பெருசா செலவில்ல. லென்ஸ் வச்சு ரோஸ்ட்ரத்துல, அதாவது தலைக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற முள்ளுல, மேல எத்தனை பல் கீழ எத்தனை பல்னு எண்ணி, ரெண்டாவது காலோட நீளம் அளந்தா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா ஸ்கேம்பி (வளர்ப்பு நன்னீர் இறால்) குளத்துல வலை போட்டு பாருங்க, ஒரே செட்டுல விட்ட ஆண்கள்லயே பொடிசு ஒண்ணு, ஆரஞ்சு கொடுக்கு ஒண்ணு, நீலக் கொடுக்கு ஒண்ணுனு மூணு ரகம் வரும், ஆரஞ்சே பின்னாடி நீலமா மாறும், புதுசா வர்ற பசங்க தாராளமா மூணு இனம்னு எழுதி வச்சிடுவாங்க. குஞ்சா இருந்தாலோ கொடுக்கு உதிர்ந்துட்டாலோ இன்னும் திண்டாட்டம்.

பார்கோடுக்கு அந்தக் கவலை இல்ல, ஒரு கால் துண்டு போதும், சுமார் 650 டிஎன்ஏ எழுத்து படிச்சா முடிஞ்சுது. வட அமெரிக்காவுல ஹயலெல்லா அஸ்டெகானு ஒரு குட்டி உயிரி, தண்ணி விஷம் டெஸ்ட் பண்ண லேப்ல வளக்குறது, எல்லாம் ஒரே இனம்னு நெனச்சிருந்தாங்க. 2006-ல பாலைவன ஊற்றுகள்ல புடிச்ச இந்த ஜாதியை பார்கோடு பண்ணினா முப்பதுக்கு மேல தனித்தனி இனம் இருக்கும்போல தெரிஞ்சுது. கண்ணால பாத்து இதைப் பிடிக்கறது ரொம்ப கஷ்டம்.

ஆனா கண்ணை மூடி நம்பிடாதீங்க. மைட்டோகாண்ட்ரியா ஜீனோட செத்துப்போன காப்பி நியூக்ளியஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், டிஎன்ஏவை நகலெடுக்கற பிசிஆர் அதையும் சேத்து பெருக்கிடும், இல்லாத இனமெல்லாம் முளைச்சிடும். கிரேஃபிஷ்லயே இது நடந்ததா 2008-ல காட்டிட்டாங்க. சீக்வென்ஸ் நடுவுல ஸ்டாப் கோடான் (ஜீன் முடிஞ்சுதுனு சொல்ற குறி) வந்தா அப்பவே உஷாராகணும் (எல்லா காப்பிலயும் அது இருக்காது, அதான் எரிச்சல்). அப்புறம் இது அம்மா வழி மட்டும்தான், கலப்பு நடந்திருந்தா அப்பா யாருன்னு சொல்லாது. குளத்து ஸ்டாக்ல மரபணு வேறுபாடு குறையுதானு பாக்கணும்னா மைக்ரோசாட்டிலைட்தான் என் ஓட்டு, பிரைமர் (பிசிஆர் எங்க ஆரம்பிக்கணும்னு காட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு) செட் பண்றதுக்குள்ள உயிர் போகும்ங்கறது வேற விஷயம்.

மூணையும் ஒண்ணா சோதிச்ச கேஸ்னா மார்பிள் கிரேஃபிஷ். 1990-கள்ல ஜெர்மனி மீன்தொட்டி வியாபாரத்துல தலைகாட்டுச்சு. இது சேர்ந்த புரோகம்பாரஸ் வகையில இனம் சொல்ல ஆணோட முதல் நீச்சல் காலைப் பாக்கணும், இதுல ஆணே கிடையாது, அத்தனையும் பொண்ணு! சரின்னு பார்கோடு பாத்தா, அமெரிக்காவோட புரோகம்பாரஸ் ஃபாலக்ஸ் மாதிரியே வருது. மைக்ரோசாட்டிலைட்லதான் ஒரே இடத்துல மூணு அல்லீல் (ஒரே ஜீன் இடத்தோட வேற வேற வடிவம்) தெரிஞ்சுது, அதாவது குரோமோசோம் வழக்கமான ரெண்டுக்குப் பதிலா மூணு செட், ஜெர்மனியில எடுத்தாலும் மடகாஸ்கர்ல எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே நகல். 2017-ல புரோகம்பாரஸ் விர்ஜினாலிஸ்னு தனிப் பேரே வச்சாங்க.

அதனால ஒரு காலை மட்டும் வெட்டி டிஎன்ஏவுக்கு எடுங்க, மிச்ச உடம்பை 95% எத்தனால்ல போட்டு லேபிள் ஒட்டி வைங்க. தயவுசெஞ்சு ஃபார்மலின் வேணாம், டிஎன்ஏ கெட்டுடும்.