காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்து கடல் பார்த்த மூன்று வருஷம்

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம். பெயரில் காவேரியும் இருக்கிறது, பட்டணமும் இருக்கிறது. ஆனால் ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. கடலோ கிழக்கே இருநூறு கிலோமீட்டர் போல அப்பால். மூன்று வருஷத்துக்கு முன் என் ஜெராக்ஸ் கடைச் சுவரில் மாட்ட ஊர்ப் படம் ஒன்று வேண்டியிருந்தது. இணையத்தில் பெயரைக் கொஞ்சம் மாற்றி, 'பட்டினம்' என்று தட்டிவிட்டேன் போல. வந்து விழுந்ததெல்லாம் மணலும் அலையும். காவிரிப்பூம்பட்டினம், அதாவது பூம்புகார்! தவறான ஊருக்குப் பஸ் ஏறியவன், வந்ததுதான் வந்தோம் என்று சுற்றிப் பார்ப்பானே, அப்படித்தான் தொடங்கியது.

அன்றிலிருந்து நான் அதிகம் பயன்படுத்துவது விக்கிமீடியா காமன்ஸ். 2004-இல் தொடங்கிய இலவசப் படக் களஞ்சியம். படத்தை முழு அளவில் இறக்கலாம், அச்சிடலாம். பெரும்பாலான படங்களுக்கு எடுத்தவர் பெயரையும் உரிம விவரத்தையும் போடவேண்டும். பல படங்களில் எடுத்த தேதியும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். எனக்கு அழகான படத்தைவிடத் தேதி உள்ள படம்தான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

பூம்புகார் முதலில் ஏமாற்றம்தான். 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் படத்தில் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் நான் தேடியது பழைய துறைமுகத்தை. கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழமையானது. படகு கட்டிய மரக்கம்பங்கள்கூட அங்கே கிடைத்தன. படமாகப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் செங்கல் சூளையில் பாதி இடிந்த சுவர் மாதிரி இருக்கும். என்ன என்று படித்துவிட்டுப் பார்த்தபிறகுதான் கண் அங்கே நின்றது.

தரங்கம்பாடிக்குத்தான் அதிக நேரம் போனது. இங்கே ஒரு சூட்சுமம். நம் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல், ஆங்கிலேயர் எழுதிய டிராங்குபார், டேனிஷ்காரர் எழுதிய டிராங்கெபார் எல்லாவற்றையும் அவரவர் எழுத்துக்கூட்டில் போட்டுத் தேடவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் வேறு வேறு படங்கள் வரும். டேனிஷ் எழுத்தில் தேடினால் பழைய வரைபடங்களும் ஓவியங்களும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறதாம். இதெல்லாம் எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோவில். 1306-இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதன் படங்களை ஆண்டு வரிசையில் ஒரு ஃபோல்டரில் அடுக்கினேன். பழையவற்றில் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டு, மிச்சம் சிதைந்து அலைக்கு எதிரே நிற்கிறது. பிந்தைய படங்களில் கடல் பக்கம் பாறாங்கற்கள் கொட்டியிருக்கிறார்கள், விமானத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒரே ஒரு படம் பார்த்தால் கோவில் தெரியும். பத்தை வரிசையாகப் பார்த்தால் கடல் தெரியும். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலும் இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் அலை அடிவாரத்தில், இப்போது புல்வெளியும் கல் தடுப்பும்.

அப்பா ஒருநாள் கடைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இத்தனை படம் எதுக்குடா? எல்லாம் ஒரே உப்புத்தண்ணிதானே?"

"இல்லப்பா, இந்த ரெண்டுக்கும் நடுவுல கரை எவ்ளோ மாறியிருக்கு பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம ஆத்தங்கரையை இப்படி யாராவது எடுத்து வெச்சிருக்காங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

குறைகளுக்கு வருவோம். தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கேமராவில் கடிகாரம் சரியாக வைக்காமல் எடுத்தால் ஏதோ ஒரு ஜனவரி 1 என்று காட்டும். பழைய படத்தை ஸ்கேன் செய்தால் ஸ்கேன் செய்த தேதி ஏறிவிடும். அதைவிடக் கொடுமை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ரயிலோடு ஊரையே வாரிக்கொண்டு போனதால், 'புயலுக்கு முன்' என்று எதைப் போட்டாலும் ஜனம் பகிர்கிறது. வேறொரு தளத்தில் அப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிரிண்ட் போட்டு மாட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒருவர் ஓரத்தில் கை வைத்துக் காட்டினார்: பிளாஸ்டிக் நாற்காலி. அன்றே கழற்றினேன்.

போனில் பார்த்தால் பாதிதான் தெரியும். பழைய பெரிய மானிட்டர் ஒன்று வாங்கியபிறகுதான் சுவர்க் கற்களின் துளைகள்வரை பார்த்தேன்.

போன வருஷம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போனோம். ஒரு விஷயத்தில் படங்கள் என்னை நன்றாக ஏமாற்றியிருந்தன. 1792-இல் கட்டிய நகர வாசல், 1701-இன் சீயோன் தேவாலயம், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம், கோட்டை எல்லாம் வேறு வேறு மூலைகளில் இருப்பதாக நினைத்திருந்தேன். எனக்கு அவை தனித்தனி ஃபோல்டர். நேரில் பார்த்தால் எல்லாம் ஒரே ராஜ வீதியை ஒட்டி, சும்மா நடக்கும் தூரம். இப்போது படம் இறக்கினால் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் குத்திப் பார்க்காமல் சேமிப்பதில்லை.

திரும்பும் வழியில் கடலூரில் இறங்கி, தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தோம். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையையும் சாத்தனூர் அணையையும் தாண்டி வந்த எங்கள் ஆறு.

அப்பா கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. போன மாதம் எங்கள் ஆற்றங்கரையை நானே ஆறு படம் எடுத்து, தேதியும் இடமும் சரிபார்த்து காமன்ஸில் ஏற்றினேன். விளக்கத்தில் முதல் வரி: "இது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம். இங்கே கடல் இல்லை."