கேடயம் யாருக்கு? கிரேக்கப் போர்ப் படங்களில் எது எவ்வளவு உண்மை

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் '300' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்துவிட்டு, "மாமா, இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?" என்றான். "நடந்தது. ஆனா இப்படி நடக்கல" என்றேன். "அப்போ எந்தப் படத்துல சரியா காட்டியிருக்காங்க?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். 1962இல் வந்த 'தி 300 ஸ்பார்ட்டன்ஸ்', 2007இல் தியேட்டருக்கு வந்த '300', 2004இன் 'அலெக்ஸாண்டர்'. முதல் இரண்டும் ஒரே போர், கி.மு. 480இல் கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாயில் நடந்தது. படையெடுத்து வந்த பாரசீக அரசன் செர்க்சஸை, ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸின் தலைமையில் கிரேக்கர்கள் தடுத்து நின்ற போர். மூன்றாவதில் கி.மு. 331இன் காகமேலா, அலெக்ஸாண்டர் பாரசீக அரசன் மூன்றாம் டேரியஸைத் தோற்கடித்த போர்.

'300'லிருந்தே தொடங்குகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்டால், இந்தப் படம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரி. பாரசீகர்களின் அம்புகள் சூரியனையே மறைக்கும் என்று மிரட்டும்போது, "நல்லது, நிழலில் சண்டை போடுவோம்" என்று வரும் பதில், பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தது. அவர் அதை டியனெக்கஸ் என்ற வீரன் சொன்னதாகக் குறிக்கிறார். ஆயுதங்களைக் கீழே போடச் சொன்னதற்கு "வந்து எடுத்துக்கொள்" என்று லியோனிடாஸ் சொன்னது, பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் நூலில் இருக்கிறது. லியோனிடாஸின் மனைவி ராணி கோர்கோ பேசும் பஞ்ச் வசனங்களும் அப்படித்தான். வசனம் எழுதியவர்கள் மூல நூல்களை நன்றாகவே புரட்டியிருக்கிறார்கள்.

கண்ணைத் திறந்தால்தான் பிரச்சினை. படத்தில் ஒரு காட்சி. கூன் விழுந்த எஃபியால்டெஸ் தன்னையும் படையில் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறான். லியோனிடாஸ் அவனிடம் கேடயத்தைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். ஒவ்வொருவனும் தன் கேடயத்தால் இடப்பக்கம் நிற்பவனை, தொடையிலிருந்து கழுத்துவரை காக்க வேண்டும், அதுதான் எங்கள் பலம் என்கிறார். அத்தனையும் உண்மை. கிரேக்கக் காலாட்படை வீரனின் கேடயம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விட்டம். நடுவில் உள்ள பட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, விளிம்பில் இருக்கும் பிடியை விரல்களால் பற்ற வேண்டும். அப்படிப் பிடித்தால் கேடயத்தின் பாதி நம் உடம்பைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதி பக்கத்தில் நிற்பவனுக்கு. வரிசை கலைந்தால் அது வெறும் சுமை.

இப்படி அழகாகப் பாடம் நடத்திய ராஜா, போர் தொடங்கிச் சில நிமிடங்களில் வரிசையை விட்டுத் தனியே நடந்து போய், ஸ்லோ மோஷனில் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கிறார். அதுவும் வெற்று மார்போடு. தலைக்கவசமும் மார்க்கவசமும் தனக்காக அணிவது, கேடயம் வரிசைக்காக ஏந்துவது என்று ஸ்பார்ட்டாவின் பழைய அரசன் டெமராட்டஸ் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். வசனத்துக்குப் புளூட்டார்க்கைப் புரட்டியவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள் போல. பாரசீகர்கள் ஏன் திணறினார்கள் என்பதற்கும் ஹெரோடோட்டஸ் எளிமையாகக் காரணம் சொல்கிறார்: அவர்களுடைய ஈட்டி குட்டை, இடமோ குறுகல், எண்ணிக்கை இருந்தும் பயனில்லை. படத்தில் காரணம் வயிற்றுத் தசைதான்.

தூதனைக் கிணற்றில் உதைத்துத் தள்ளும் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. தூதர்களைக் கிணற்றில் தள்ளியது உண்மை. ஆனால் அது ஏறக்குறைய பத்து வருஷம் முன்னால், செர்க்சஸின் அப்பா டேரியஸ் அனுப்பியவர்களுக்கு நடந்தது. அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். தூதரைக் கொன்ற பாவம் தீர ஸ்பார்ட்டா இரண்டு பேரை, 'இவர்களைக் கொன்று கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்' என்று செர்க்சஸிடம் அனுப்பியது. நீங்கள் செய்த தப்பை நானும் செய்ய மாட்டேன் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினான் அவன். ஹெரோடோட்டஸ் சொல்வதுதான் இதுவும். '300'இல் செர்க்சஸாக வரும், மூக்கு, காது, கன்னமெல்லாம் வளையம் மாட்டிய அந்த ராட்சச உருவத்துக்கு இந்தக் காட்சி பொருந்தாது. அந்தப் பழைய பாரசீகம்தான் இன்றைய ஈரான்; 2007இல் ஈரான் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

1962 படம் பார்ப்பதற்குப் பழசு. காதல் கதை ஒன்று நடுவில் வந்து உயிரை வாங்கும். அக்கா மகன் அந்த இடங்களில் போனை எடுத்துக்கொண்டான். ஆனால் இதை எடுத்தது கிரேக்கத்திலேயே, கிரேக்க ராணுவ வீரர்களைத் துணை நடிகர்களாக நிறுத்தி. நிஜக் கணவாயில் எடுக்க வழியில்லை. ஆறு கொண்டுவந்த வண்டலில் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கி, அந்த இடம் இன்று சமவெளி. ஹெரோடோட்டஸ் காலத்தில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் 50 அடி அகலப் பாதை. அதனால் கொரிந்து பக்கம் பெராகோரா அருகே, கடலை ஒட்டிய இடத்தில் எடுத்தார்கள். ஒருபுறம் பாறை, ஒருபுறம் அலை, நடுவில் நெருக்கியடித்த வரிசை. இந்தப் போரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஷாட் போதும்.

கடைசி நாளில் இந்தப் படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஸ்பார்ட்டாவின் 300 பேர் மட்டும் தனியே நின்று செத்தார்கள் என்பதே பெரிய கட்டுக்கதை. தொடக்கத்தில் மொத்தக் கிரேக்கப் படை சுமார் 7,000. எஃபியால்டெஸ் காட்டிக்கொடுத்த மலைப்பாதை வழியே எதிரி பின்னால் வந்துவிட்டான் என்று தெரிந்து பெரும்பாலோர் திரும்பிய பிறகும், தெஸ்பியா என்ற சின்ன ஊரின் 700 பேர் தாங்களாகவே நின்றார்கள். 1962 படத்தில் அவர்களுடைய தலைவன் டெமோஃபிலஸ் நின்று மடிகிறான். '300'இன் கடைசி வரிசையில் அவர்களுக்கு இடமே இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு என்று தெர்மோபிலேயில் ஒரு நினைவுச் சின்னம் வந்ததே 1997இல்தான்.

லியோனிடாஸ் முதலில் விழுந்து, அவர் உடலை விட்டுக்கொடுக்காமல் மற்றவர்கள் அம்புமழையில் சாவதாகப் பழைய படம் காட்டுவதும் மூலத்தை ஒட்டியது. அந்தக் கடைசி மேட்டில் 1939இல் அகழ்ந்தபோது அம்பு முனைகள் குவியலாகக் கிடைத்தன. தெர்மோபிலேக்கு என் ஓட்டு பழசுக்குத்தான், யோசிக்காமல்.

'அலெக்ஸாண்டர்' வேறு ஜாதி. அலெக்ஸாண்டரின் மாசிடோனிய நாட்டுக்காரர்கள் ஐரிஷ் உச்சரிப்பில் பேசுவதைப் பொறுத்துக்கொண்டால், காகமேலா காட்சி அசத்தல். ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியர் ராபின் லேன் ஃபாக்ஸ் இதற்கு ஆலோசகர். குதிரைப்படைப் பாய்ச்சலில் தானும் சவாரி செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை, செய்தும்விட்டார். பத்துப் பதினைந்து அடிக்கு மேல் நீளும் ஈட்டிகளை இரண்டு கையாலும் பிடித்து நிற்கும் அணி, அரிவாள் பூட்டிய தேர்கள் வரும்போது விலகி வழிவிடுவது, அலெக்ஸாண்டர் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போய் எதிரி வரிசையில் இடைவெளி விழவைத்து அதற்குள் பாய்வது என எல்லாம் பழைய குறிப்புகளில் உள்ளபடி. எந்தப் பிரிவில் சண்டை என்று திரையில் எழுத்துப் போட்டும் சொல்கிறார்கள்.

ஆனால் அதே படம் இந்தியாவுக்கு வந்ததும் சறுக்கி விழுகிறது. ஜீலம் ஆற்றங்கரையில் போரஸோடு நடந்த போரைத் தாய்லாந்துக் காட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். புயலும் மழையுமான ராத்திரியில் அலெக்ஸாண்டர் ஆற்றைக் கடந்த தந்திரம்தான் அந்தப் போரின் உயிர். படத்தில் ஆறே இல்லை. மல்லர்கள் என்ற வடமேற்கு இந்தியக் குடியினரின் கோட்டையில் மாதக்கணக்கு கழித்து அவர் மார்பில் பாய்ந்த அம்பைத் தூக்கிவந்து இங்கே செருகிவிட்டார்கள். "உன்னை எப்படி நடத்த வேண்டும்?" "அரசனைப் போல." நம் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த இந்த உரையாடலையும் காணோம்.

2014இல் வந்த '300'இன் அடுத்த பாகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தெர்மோபிலேக்கு முந்தைய மாரத்தான் போரில் பட்ட அம்பால் செர்க்சஸின் அப்பா டேரியஸ் சாகிறானாம். அவன் அங்கே வரவே இல்லை, செத்தது நான்கு வருஷம் கழித்து. தெர்மோபிலேக்குப் பிறகு நடந்த சலாமிஸ் கடற்போரில் கடைசி நேரத்தில் ஸ்பார்ட்டாவின் கப்பல் கூட்டம் வந்து காப்பாற்றுகிறதாம். நிஜத்தில் ஸ்பார்ட்டா கொண்டுவந்தது 16 கப்பல்தான், அதுவும் முதலிலிருந்தே அங்கேயே இருந்தன. 'டிராய்' படம் புராணக்கதை, அதை இந்தத் தராசில் வைப்பதே சரியில்லை.

அக்கா மகனுக்குக் கடைசியில் காகமேலாவை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். பாதியில் அலுத்துக்கொண்டான். "ஒரே புழுதியா இருக்கு மாமா, டேரியஸ் எந்தப் பக்கம் ஓடுறான்னே தெரியல." துரத்திப் போனவர்களுக்கும் புழுதியில் அது தெரியவில்லை என்றுதான் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார்.