மெரிப்-செக்: எம்6ஏ ஆய்வில் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஆர்.என்.ஏ.வின் அடினோசின் எழுத்தில் மீத்தைல் என்ற சிறு வேதிக்குழு ஏறிய ஒரு வகைக் குறிதான் எம்6ஏ. அது உள்ள இடங்களைக் கண்டறிய மெரிப்-செக் முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆர்.என்.ஏ.வைச் சுமார் 100 நியூக்ளியோடைடு நீளத்துக்கு உடைத்து, எம்6ஏ உள்ள துண்டுகளை ஆன்டிபாடியால் பிடித்து வரிசைப்படுத்த வேண்டும். 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை வெளியிட்டன. எம்6ஏ குறிகள் ஸ்டாப் கோடானை (புரதத்துக்கான குறியீடு முடியும் இடத்தை) ஒட்டிக் குவிவதை அவர்கள் அன்றே காட்டினார்கள். எந்த மாதிரியிலும் நான் முதலில் பார்ப்பது அந்தக் குவியலைத்தான். அது இல்லையென்றால் அந்தத் தரவை மேற்கொண்டு தொடுவதில்லை.

எந்த ஜீனில், ஏறத்தாழ எந்தப் பகுதியில் குறி இருக்கிறது என்று அறிய இது நல்ல முறை. ஆனால் புற்றுநோய்க் கட்டியில் குறி கூடியதா குறைந்ததா என்பதற்கு இதை மட்டும் நம்பாதீர்கள். ஜீனின் வெளிப்பாடு, அதாவது அதிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.வின் அளவு, மாறினாலே சிகரத்தின் (பிடிபட்ட துண்டுகள் ஓரிடத்தில் குவிவதன்) உயரம் மாறிவிடும். ஒரே வகைச் செல்லில்கூட, வெவ்வேறு ஆய்வுகளின் சிகரங்கள் ஏறத்தாழ 30 முதல் 60 சதவீதமே ஒத்துப்போவதை 2020இல் வந்த ஓர் ஒப்பீடு காட்டியது. ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதியில் உள்ள எம்6ஏஎம் என்ற வேறொரு மீத்தைல் குறியையும் இதே ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் பின்னணியும் (தவறாகப் பிடிபடும் துண்டுகளின் அளவும்) மாறும். அதனால் புதிய லாட் வந்ததும், குறி உள்ளதும் இல்லாததுமான செயற்கை ஆர்.என்.ஏ.க்களைக் கலந்து சோதித்த பிறகே நோயாளியின் மாதிரியை எடுக்கிறேன்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், எம்6ஏ குறியை ஏற்றும் மெட்டில்3 என்ற நொதி. எலியின் கருத் தண்டணுக்களில் அதை நீக்கினால் அவை அடுத்த கட்டத்துக்கு முதிர முடியாமல் தேங்கிவிடுகின்றன என்று 2015இல் தெரியவந்தது. கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோயிலோ, அது இருப்பதுதான் செல்களை முதிரவிடாமல் தடுக்கிறது. ஒரே நொதி, நேர் எதிரான விளைவு! இந்த நிலையில் மெட்டில்3 ஜீனின் வெளிப்பாட்டை மட்டும் அளந்துவிட்டு நோயின் போக்கைக் கணிக்கும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடிவதில்லை. எந்த ஆர்.என்.ஏ.வில் குறி ஏறியது என்று பார்த்தே ஆக வேண்டும்.

2021இல் வெளியான எஸ்டிஎம்2457 என்ற மெட்டில்3 தடுப்பான் இந்த முறைக்கு நல்ல துணை. மருந்திட்ட செல்லில் மங்கும் சிகரத்தை நம்புகிறேன். மங்காததைத் தனியே குறித்துவைக்கிறேன். ஆனால் ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் மருந்தால் சாகத் தொடங்குமுன் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் எத்தனை சதவீதம் மீத்தைல் ஏறியது என்ற கணக்கு வேண்டுமானால் குளோரி முறைக்குப் போங்கள். குறி இல்லாத அடினோசினை இனோசின் என்ற வேறோர் எழுத்தாக மாற்றி, மாறாமல் நிற்பதை அது எண்ணுகிறது. வேதிவினையில் ஆர்.என்.ஏ. நொறுங்குவதும், மாறிய வரிசைகளை மரபணுத்தொகுதியோடு பொருத்துவதும் அதில் தொல்லை. நானோபோர் என்ற நுண்துளைக் கருவியில் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் வழியும் உண்டு. அதற்கு மாதிரி அதிகம் வேண்டும், ஊசியால் எடுத்த சிறு பயாப்சிக்குச் சரிவராது. அத்தகைய மாதிரிகளுக்கு, குறைந்த அளவுக்கெனச் சீரமைத்த மெரிப்-செக்கையே இன்றும் பயன்படுத்துகிறேன். முடிவைச் சொல்வதற்கு முன், தேர்ந்தெடுத்த இடங்களை வேறொரு முறையிலும் சரிபார்க்கிறேன்.