பற்றுச்சீட்டுக் குறியீடு: தொடர் எண்ணா, யூயுஐடியா, எட்டெழுத்தா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்கு வெப் அப் எழுதினால், ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஒரு குறியீடு வேண்டும். அது பற்றுச்சீட்டில் அச்சாகும். பெரும்போக அறுவடை முடிந்து, "தம்பி, என்ட நெல்லுக் காசு எப்ப வரும்?" என்று விவசாயி போனெடுக்கும்போது அதைத்தான் வாசிப்பார். அதனால் நான் எட்டெழுத்து ரேண்டம் குறியீட்டின் பக்கம்.

தொடர் எண்ணைச் சீட்டில் போடவே வேண்டாம். காலையில் 4120, பின்னேரம் 4175 என்றால் அன்றைய கொள்வனவுகளின் எண்ணிக்கை எவருக்கும் தெரிந்துவிடும். உள்ளே தரவுத்தளத்தில் பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரிசையையும் இனங்காட்டும் எண்ணாக) அது இருக்கட்டும்.

யூயுஐடி (UUID) என்பது கணினி தானே உருவாக்கும் நீளமான தனி அடையாளம். அதன் நான்காம் பதிப்பில் 122 பிட் ரேண்டம், மோதல் (ஒரே குறியீடு இரண்டு பதிவுக்கு வருவது) பயமில்லை. 2024இல் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் தந்த ஏழாம் பதிப்பு முன்பகுதியில் நேரத்தை வைப்பதால் இண்டெக்ஸும் (தரவுத்தளம் விரைந்து தேட வைத்திருக்கும் அட்டவணை) சிதறாது. பல சேர்வர்கள் தனித்தனியே பதிவுகளை உருவாக்கிப் பின்னர் ஒன்றுசேர்க்கும் அமைப்பென்றால் தயங்காமல் இதை எடுங்கள். ஆனால் கோடுகளோடு 36 எழுத்து. அதை யார் போனில் வாசிப்பது?

எட்டெழுத்தில் முக்கியம் எந்த எழுத்துகளை விடுகிறோம் என்பதே. குரொக்ஃபோர்ட் பேஸ்32 என்ற 32 குறித் தொகுதி, பத்து இலக்கங்களோடு ஆங்கில எழுத்துகளை எடுத்து, ஐ, எல், ஓ, யூ நான்கையும் விட்டுவிடுகிறது. சைபரையும் ஓவையும் குழப்பும் கண்ணுக்கு அது போதும், காதுக்குப் போதாது. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் நம் வாயில் 'பீ'தான். நான்காவதும் இருபதாவதும் 'டீ'தான். பதினாறாவதையும் இருபதாவதையும் நீக்குங்கள். தேடல் பெட்டியில் யாரும் அவற்றை அடித்தால் முறையே இரண்டாவதாகவும் நான்காவதாகவும், ஓவைச் சைபராகவும், ஐ, எல் இரண்டையும் 1 என்ற இலக்கமாகவும் மாற்றிவிட்டுத் தேடுங்கள். நாலு நாலாகப் பிரித்து அச்சிடுங்கள்.

மீதி 30 குறிகள். எட்டிடத்தில் 65,610 கோடி சேர்க்கைகள். ஆறிடம் போதுமே என்று தோன்றும்: 72.9 கோடி வருகிறதே! ஆனால் ஏறத்தாழ 32,000 பதிவிலேயே எங்காவது ஒரு மோதல் நேர்ந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எட்டிடத்தில் அந்த நிலைக்கு ஒன்பதரை இலட்சம் பதிவாக வேண்டும். கோடிக்கணக்கில் பதிவு ஓடும் தளத்துக்கு இதே நீளத்தைச் சிபாரிசு செய்யத் துணியமாட்டேன்.

மோதலைத் தடுப்பது யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டாம் முறை பதிவாக விடாத இண்டெக்ஸ்) மட்டுமே. 'இருக்கிறதா' என்று செலக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார்த்துவிட்டு இன்சர்ட் (பதியும் கட்டளை) செய்வது பிழை. இடையில் அடுத்த கவுன்டர் அதே குறியீட்டைப் பதிந்துவிடலாம். நேரே இன்சர்ட் செய்து, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 1062 பிழை (அதே மதிப்பு ஏற்கெனவே உண்டு) தந்தால் புதுக் குறியீட்டோடு மறுபடி முயலுங்கள்; ஐந்து தடவையோடு நிறுத்திப் பிழையைக் காட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இதேபோன்ற பிழை டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகச் செய்யும் கட்டளைத் தொகுதி) முழுவதையும் முறித்துவிடும். அங்கே 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (மோதினால் எதுவும் செய்யாதே) போட்டு, வரிசை சேர்ந்ததா என்று பாருங்கள்.

பிஎச்பி மொழியில் குறியீட்டை உருவாக்க ரேண்டம்_இன்ட்(0, 29) எட்டுத் தடவை; ஒவ்வொரு எண்ணுக்கும் 30 குறிகளில் ஒன்று. அதே மொழியின் யுனிக்ஐடி வெறும் நேரம், எம்டி_ரேண்ட் ஊகிக்கக்கூடியது, இரண்டும் வேண்டாம்.