கேட்ட எழுத்துரு இல்லையென்றால் எதைக் கொடுப்பது?

திருநெல்வேலி சந்திப்பை ஒட்டிய அச்சகம் ஒன்றில் கோவில் கொடை நோட்டீஸ் கோப்பைத் திறந்தார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். "அண்ணாச்சி, அம்மன் பெயர் எங்கே?" என்று கேட்டார் நோட்டீஸ் அடிக்க வந்தவர். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பு அது. புதுக் கணினியில் பாமினி இல்லை.

அந்த அச்சகத்துக்காகத்தான் எழுத்துரு தேடித்தரும் நிரலகம் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு, லைப்ரரி) ஒன்றை எழுதிவருகிறேன். முன்னால் இரண்டு வழிகள்.

முதல் வழி, பெயர். கேட்ட பெயர் இருந்தால் கொடுப்பது, இல்லாவிட்டால் இல்லை என்பது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் விண்டோவின் பழைய முறை இப்படித்தான்: 14 புலங்கள் கொண்ட நீளப் பெயர், தெரியாத புலத்துக்கு நட்சத்திரக் குறி. எழுதுவது எளிது. புரூஃபில் பார்த்த எழுத்தே பிளேட்டிலும் (அச்சடிக்கும் தகடு) வரும் என்பதால் அச்சகத்தாருக்கும் பிடிக்கும்.

இரண்டாவது வழி, நெருக்கம். லினக்ஸ் கணினிகளில் எழுத்துரு தேடித்தரும் நிரலகம் ஃபான்ட்கான்ஃபிக், கீத் பேக்கார்ட் உருவாக்கியது. அது கேட்பவரின் தேவையைப் பண்புகளின் பட்டியலாக எடுத்துக்கொள்கிறது. குடும்பப் பெயர், மொழி, தடிமன், சாய்வு என ஒவ்வொன்றிலும் கணினியிலுள்ள எழுத்துருக்களின் தூரத்தை அளக்கிறது. முன்வரிசைப் பண்பில் வென்றதே வெல்லும். பின்வரிசை, சமமாக நின்றவற்றைப் பிரிக்க மட்டுமே. ஒரே ஓர் எழுத்துரு இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாது. இதில் நான் வியப்பது ஒன்று: பயனர் கேட்ட பெயர் மொழிக்கு முன்னே நிற்கிறது, அமைப்புக் கோப்பு தானாகச் சேர்த்த பெயரோ, வழக்கமாக, மொழிக்குப் பின்னே. கணினியில் ஒரு தமிழ் எழுத்துரு இருக்கும்வரை, தமிழ் கேட்டவருக்குத் தமிழே தெரியாத மாற்று எழுத்துரு போகாது.

ஆனால் பாமினியிடம் இந்தக் கணக்கு தோற்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. நிரலகத்தின் கண்ணுக்கு அந்தக் கோப்பு ஆங்கிலம். எனவே நல்ல ஆங்கில எழுத்துருவை நெருக்கமானதாகத் தருகிறது. தூரத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இது பிடிபடாது. இப்படிப் பழைய குறியேற்றத்தில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) அமைந்த எழுத்துருக்களுக்குப் பெயர் மட்டுமே வழி.

தமிழுக்கெனத் தனி இடம் உள்ள யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. திருநெல்வேலி என்று எழுதிப் பாருங்கள். ரகரமும் உகரக் குறியும் எழுத்துருவில் இருந்தால் போதாது. இரண்டும் இணைந்து 'ரு' ஆவதற்கான மாற்று விதியும் உள்ளே இருக்க வேண்டும். இந்தத் திறனை ஃபான்ட்கான்ஃபிக் பதிந்துவைக்கிறது, தூரக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன், மொழிக்கு அடுத்த இடத்தில்.

எழுத்துரு தேடும் விதிகளை, குறிச்சொற்கள் நிறைந்த எக்ஸ்எம்எல் கோப்பில் வைப்பதா, வரிக்கு ஒரு விதியாகச் சாதாரண உரையில் வைப்பதா என்பதில் எனக்கு உரைதான். டிடிபி செய்பவரே திருத்திக்கொள்ளலாம்.

ஆகவே திரைக்கு நெருக்கம், பிளேட்டுக்குப் பெயர். பிளேட்டுக்குப் போகும்போது பெயர் பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். எந்த வரியில் எந்த எழுத்துரு இல்லை என்று தமிழில் சொல்லவும் வேண்டும்.