அமியோடரோன் 200: அம்மாவின் இரண்டு வருட அனுபவம்

அம்மாவின் படபடப்பை அடக்கியது அமியோடரோன் என்ற, இதயத் துடிப்பைச் சீராக்கும் இந்த மாத்திரைதான். அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் வருடம் சித்திரை வெயிலிலும் கம்பளி கேட்டார். முகம் உப்பியது. கோலம் போடக் குனிந்தால் நிமிர முடியவில்லை. வயசுதானே என்று விட்டுவிட்டோம். ரத்தம் கொடுத்துப் பார்த்தால், தைராய்டு மந்தமானால் ஏறும் டிஎஸ்எச் அளவு 38-க்குப் போயிருந்தது!

ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையோ 0.15 மில்லிகிராம். இவ்வளவு அயோடின் சேர்ந்தால் சிலருக்குத் தைராய்டு மந்தமாகும், சிலருக்கு எகிறும். எழுதிக் கொடுத்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

நாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். வேறொரு இதய மருத்துவர் இதைத் தொடரச் சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையும் சேர்த்தார். அப்புறம்தான் அம்மா தெளிந்தார். ஆரம்பிக்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தைராய்டு பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.