இலவசப் பூங்காவுக்கு 1,520 டாலர் அழுதேன்: ஹாங்காங் வருகிறவர்கள் படியுங்கள்

1,520 ஹாங்காங் டாலர் போய்விட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் வெட்கத்தில் எழுதவே மாட்டேன்.

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். நானும் மனைவியும் இங்கே வந்தே இரண்டு மாதம்தான், எங்களுக்கே இடம் புதிது. சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு தளத்தில் ‘நாலு இடப் பாஸ்’ என்று போட்டிருந்தார்கள். விலங்கியல் தாவரவியல் பூங்கா, ‘ஹாங்காங் பார்க்’ பூங்காவும் அதிலுள்ள பறவைக்கூடமும், ‘நான் லியன்’ (Nan Lian) தோட்டம், வெட்லேண்ட் பார்க் என்கிற ஈரநிலப் பூங்கா. ஆளுக்கு 380. வரிசையில் நிற்கவே வேண்டாமாம்.

சந்தேகமாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது, தமிழில்! “வணக்கம் சார், பெரியவங்களுக்கு முழங்கால் வலி ஏதும் இருக்கா? நடை கம்மியா இருக்கிற மாதிரி மேப் போட்டு அனுப்புறேன்.” அம்மாவின் முழங்காலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவராகக் கேட்டார். அங்கேதான் விழுந்தேன். அடுத்த நிமிஷம் 1,520 கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை விலங்கியல் தாவரவியல் பூங்கா இருக்கிற ஆல்பனி ரோடு. க்யூஆர் கோடைத் திறந்து, போன் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்ய ஆளைத் தேடினேன். கவுண்டரே இல்லை. பெருக்கிக்கொண்டிருந்தவர் போனை எட்டிப் பார்த்தார், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு “ஃப்ரீ, ஃப்ரீ” என்று உள்ளே கையைக் காட்டினார். 150 வருஷப் பழைய அரசாங்கப் பூங்கா, யாரும் சும்மாவே உள்ளே போகலாம். “அப்போ டிக்கெட் எதுக்குப்பா எடுத்தே?” என்றார் அப்பா. ஒராங்குட்டான் கூண்டு வரைக்கும் பதில் சொல்லாமலே நடந்தேன்.

ஹாங்காங் பார்க்கும் பறவைக்கூடமும் இலவசம். நான் லியன் தோட்டமும் இலவசம். குளத்து நடுவில் தங்க நிற மண்டபம், சிவப்புப் பாலம், அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. நான் போனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, வெட்லேண்டாவது மிஞ்சும் என்று மறுநாள் டின் ஷுய் வாய் வரை ரயில், அங்கிருந்து 705 லைட் ரயில். கதவு பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதற்கு வார விடுமுறை. அந்தத் தேதியைக் கொடுத்ததே அந்தத் தளம்தான்! அங்கே டிக்கெட் பெரியவர்களுக்கு 30 டாலர்தான், நாலு பேருக்கு 120ஐத் தாண்டாது.

தமிழ்க் குரல் முதலில் “செக் பண்றேன் சார்” என்றது. அப்புறம் “மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கேன்.” அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு மெயில்: நீங்கள் கொடுத்தது நுழைவுக் கட்டணம் அல்ல, பயண ஒருங்கிணைப்புக் கட்டணம், திருப்பித் தர இயலாது. கூடவே அடுத்த புக்கிங்கில் 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். எரிகிற தீயில் எண்ணெய்! இப்போது நீல டிக் மட்டும் வருகிறது, பதில் இல்லை.

இந்தத் தோட்டங்களை எப்படிச் சுற்றுவது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், மனசில்லை. பூங்காவின் சொந்தத் தளத்தில் கட்டணமும் விடுமுறை நாளும் பாருங்கள். ‘பாஸ்’ என்றால் ஓடுங்கள். தமிழில் பேசினால் இன்னும் வேகமாக ஓடுங்கள்.

கார்டு கொடுத்த வங்கியில் புகார் வைத்திருக்கிறேன், 1,520 வருமா தெரியாது. முழங்காலுக்கு என்று சொன்ன அந்த மேப்கூட இன்னும் வரவில்லை.